செவ்வாய்ப் பாலை

ஐந்திணையுள் பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. தொல்காப்பியனார் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கே நிலம் வகுத்தனர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் நல்லியல்பு கெட்டவிடத்துப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் கொள்கை. ஆதலின் பாலை என்பது ஒரு நிலத்தின் பெயரன்று. நிலத்திற்கு நேர்ந்த மாற்றத்தின் பெயராம். பாலையொன்றைக் காண்பவன், "இது முன்னர் யாதாயிருந்தது?" என வினவுதல் முறை. அவ்வினாவை வானிலே செந்நிறமாய் ஒளிரும் செவ்வாய்க் கோளை நோக்கி அறிஞர் விடுத்தமையையும், அதற்கு அக்கோளின் கற்கள் தந்த விடையையும், எம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் கல்லையும் ஆற்றையும் ஏரியையும் துணையாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

செவ்வாய், ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 22.8 கோடிக் கிலோமீட்டர் தொலைவில் சுழல்வது. அதன் குறுக்களவு நம் பூமியினதில் பாதியளவே. அதனைச் சூழ்ந்த காற்று மிக மெல்லியது. அதன் அழுத்தம் நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. இன்று ஒரு குடம் நீரை அந்நிலத்தில் ஊற்றினால் அது ஆறாக ஓடாது. ஒருபால் கொதித்து ஆவியாகும், ஒருபால் உறைந்து பனிக்கட்டியாகும். அக்கோளின் செந்நிறம் இரும்புத் துருவின் நிறமேயாம். ஓசூர்த் தொழிற்பேட்டையில் மழையில் நனைந்து கிடக்கும் இரும்புத் துண்டின்மேற் படரும் துருவும், செவ்வாயின் புழுதியும் ஓரினத்தன. எனினும், துருவைக் கண்ட மாத்திரத்தே நீர் இருந்தது எனத் துணிந்துவிடுதல் ஆகாது. சான்று பல வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியால் வந்து ஒன்றையே கூறவும் வேண்டும்.

காணாத பொருளைக் கண்ட பொருளால் துணிதலைக் கருதலளவை அல்லது அனுமானம் என்பர் நம் முன்னோர். மணிமேகலையில் அளவைவாதி உரைக்கும் பகுதியில், ஆற்றில் வெள்ளம் வந்தமை கண்டு அதன் தலைப்பகுதியில் மழை பெய்தமையைத் துணிதல் அனுமானத்தின் ஒரு வகையாகச் சொல்லப்படுகின்றது. தென்பெண்ணையாற்றங்கரையில் வாழும் மக்களுக்கு இஃது ஏட்டுக் கல்வியன்று. நந்தி மலைப்பகுதியில் தோன்றி வரும் அவ்வாறு ஓசூரை அடுத்துத் தமிழ்நாட்டினுட் புகும்போது கலங்கிப் பெருகி வருமாயின், எம் ஊரில் ஒரு துளி விழாவிடினும் கருநாடகத்தில் நல்ல மழையென்று கூறிவிடுவர். செவ்வாய் ஆராய்ச்சியோ இதனினும் அரிது. அங்கே மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. வெள்ளம் வடிந்து பல நூறு கோடி ஆண்டுகள் கழிந்தபின், கிடக்கும் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வெள்ளத்தைத் துணிதல் வேண்டும்.

இத்துணிவில் வழுக்கி வீழ்ந்தாரும் உளர். 1877ஆம் ஆண்டு இத்தாலிய வானநூலாராகிய ஸ்கியாப்பரெல்லி, தொலைநோக்கியால் செவ்வாயை நோக்கி, நீண்ட கோடுகள் பல கண்டதாக எழுதினார். தம் மொழியில் அவற்றிற்கு அவர் இட்ட பெயர் இயற்கையான நீர்வழிகளையும் குறிக்கவல்லது. அச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்றபோது, வெட்டிய கால்வாய் என்னும் பொருள் பெற்றுவிட்டது. அமெரிக்கராகிய பெர்சிவல் லோவெல் அதனைப் பற்றிக்கொண்டு, செவ்வாயில் அறிவுடைய மக்கள் வாழ்கின்றனர் என்றும், வறண்ட நிலத்திற்குத் துருவப் பனிநீரைக் கொணர அவர்கள் கால்வாய் வெட்டினர் என்றும் நூல்கள் எழுதினார். 1965ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மாரினர் 4 என்னும் கலம் அக்கோளை அணுகிப் படம் எடுத்தது. கால்வாய் ஒன்றும் இல்லை. குழி விழுந்த வறுநிலமே தோன்றிற்று. மூடுபனியைப் புகையென மயங்கித் தீ உண்டென்றவன் நிலையே லோவெலின் நிலையாயிற்று. கற்றோர் பலர் அதன்பின் செவ்வாயில் நீரென்ற பேச்சையே நகைக்கத் தொடங்கினர். ஆயின் 1971ஆம் ஆண்டு மாரினர் 9 என்னும் கலம் அக்கோளைச் சுற்றி வந்து முழுநிலத்தையும் படமெடுத்தபோது, மரத்தின் கிளைகள் போல் ஓடைகள் பல கூடி ஒரு பேராறாகும் பள்ளத்தாக்குகள் வெளிப்பட்டன. கால்வாய் பொய், ஆற்றின் சுவடு மெய். சுவட்டைக் கண்டபின் அருகிற் சென்று கல்லை ஆராய்தலே எஞ்சிய பணியாயிற்று.

இனிக் கல்லின் சான்றுகளை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது, கூழாங்கல். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்பெற்றது. இங்குள்ள குவாரிகளில் வெடித்தும் உடைத்தும் எடுக்கும் ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்மின்: முனைகள் கூரியன, விரலைக் கிழிக்கும். அதே பாறையின் துண்டு ஆற்றிற் பல காலம் உருண்டபின் முனை தேய்ந்து வழவழப்பாகும். கல்லோடு கல் மோதி, மணலோடு உராய்ந்து நெடுந்தொலைவு சென்றாலன்றி இவ்வுருவம் வாராது. காற்றும் கல்லைத் தேய்க்கும் எனலாம். ஆனால் காற்று மணலை உருட்டுமேயன்றி எலுமிச்சை அளவுள்ள கல்லைத் தூக்கிச் சுமந்து செல்லமாட்டாது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாசாவின் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி செவ்வாயின் கேல் என்னும் பெருங்குழியில் இறங்கிற்று. இறங்கிய சில வாரங்களிலேயே, உருண்டை வடிவக் கூழாங்கற்கள் மணலோடு இறுகிப் பாறையாகிக் கிடந்தமை அதன் படங்களிற் காணப்பட்டது. அக்கற்களின் பருமனைக்கொண்டு அறிஞர் கணக்கிட்டனர்: அங்கு ஓடிய நீர் கணுக்காலுக்கும் இடுப்பிற்கும் இடைப்பட்ட ஆழமுடையது, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விரைவில் ஓடியது. இன்று ஒரு துளியும் ஓடாத நிலத்தில், கோடி கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய நீரில் ஒருவன் இறங்கியிருப்பின் நீர் எம்மட்டில் நின்றிருக்கும் என்று கல்லே கூறியமை வியப்பன்றோ!

இரண்டாவது சான்று, சேறு. கோடையில் எம் பக்கத்து ஏரிகள் வற்றியபின் அவற்றின் உட்பரப்பைப் பார்த்தவர், வண்டல் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடத்தலை அறிவர். ஓடும் நீர் பருங்கல்லை முதலில் விடும்; பின்னர் மணலை விடும்; நுண்ணிய களியை நீர் அசைவற்று நிற்கும் இடத்திலேயே விடும். ஆதலின் மென்சேறு படலம் படலமாகப் படிந்து கிடப்பது, அங்கே நீர் நெடுங்காலம் தேங்கி நின்றமைக்குச் சான்றாம். 2013ஆம் ஆண்டு அவ்வூர்தி கேல் குழியின் ஒரு தாழ்நிலத்துப் பாறையைத் துளையிட்டுப் பொடியை ஆராய்ந்தபோது, அஃது ஏரிச் சேறு இறுகிய கல்லென்றும், அதிற் களிமண் இனத் தாதுக்கள் மிகுதியென்றும் தெரிந்தது. அக்களிமண் தோன்றிய நீர் மிகுந்த புளிப்போ மிகுந்த உவர்ப்போ இல்லாத நன்னீர் என்பதும் அறியப்பட்டது.

சேற்றின் வெடிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. சேறு முதன்முறை காய்ந்து வெடிக்குங்கால் ஒரு வெடிப்பு மற்றொன்றை நேராக முட்டி நிற்கும். நனைதலும் காய்தலும் மீண்டும் மீண்டும் நிகழுமாயின், மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியிற் கூடி, தேனடையின் அறைகள் போல் அறுகோண வடிவம் பெறும். இத்தகைய அறுகோண வெடிப்புகள் கேல் குழியின் பழம்பாறையிற் பதிந்திருத்தல் 2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அங்கே நீர் ஒருமுறை வந்து போனதன்று. பருவந்தோறும் வருவதுபோல் வந்தும் வற்றியும் பலகால் நிகழ்ந்தது என்பது இதனாற் போதரும். மாரியும் கோடையும் மாறி மாறி வரும் ஏரி நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி அயலதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது சான்று, நீரின்றித் தோன்றாத தாதுக்கள். 2004ஆம் ஆண்டு சனவரியில் மெரிடியானிச் சமவெளியில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி என்னும் ஊர்தி, மிளகளவுள்ள சிறு உருண்டைகள் எண்ணிறந்தன பாறையிற் பதிந்தும் மண்ணிற் சிதறியும் கிடத்தலைக் கண்டது. அவை ஹெமடைட் என்னும் இரும்புத் தாது. பாறையின் நுண்புழைகளில் ஊறிய நிலத்தடி நீரிலிருந்து சிறிது சிறிதாகத் திரண்டவை. அப்பாறையிலேயே ஜரோசைட் என்னும் மஞ்சள் நிறத் தாதுவும் காணப்பட்டது. புளிப்பு நீரில் இரும்பும் கந்தகமும் கூடிப் பிறக்கும் இத்தாதுவின் உள்ளமைப்பிலேயே நீரின் கூறு அடங்கியுள்ளது. குசராத்து மாநிலத்துக் கட்ச் பகுதியில் மாதா நோ மட் என்னுமிடத்து எரிமலைப் பாறைநிலத்தில் இதே தாது இருத்தலை இந்திய ஆராய்ச்சியாளர் 2016ஆம் ஆண்டு எடுத்துக்காட்டி, செவ்வாய் நிலத்தை ஒப்பிட்டறிதற்கு அஃது ஏற்ற இடமென்றனர்.

ஆப்பர்சூனிட்டி, 2011ஆம் ஆண்டில் எண்டவர் என்னும் பெருங்குழியின் விளிம்பருகே, கட்டைவிரல் அகலமும் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் உள்ள வெண்ணிற நரம்பொன்றைப் பாறையிற் கண்டது. அது ஜிப்சம். பாறையின் வெடிப்பில் நீர் புகுந்து, தன்னுட் கரைந்திருந்த சுண்ணக் கந்தகப் பொருளை அங்கே விட்டுச் சென்றதன் அடையாளம் அது. இதனைக் காணச் செவ்வாய் வரை செல்லவேண்டுவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரையடுத்த களிமண் மேடுகளில் ஜிப்ச நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுதலை இன்றும் காணலாம். அப்பகுதி ஒரு காலத்துக் கடலின் அடித்தளம் என்பதற்கு அங்குக் கிடைக்கும் அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லுருக்கள் கரியாகின்றன. அண்மையிலுள்ள சாத்தனூரில், ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரமொன்று கிடத்தலைத் தமிழகத்து நிலநூற் பேரறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். கடல் அகன்றும் கல் அகலாது நின்று கடலைக் கூறுகின்றது. நெய்தல் திரிந்து உள்நாடாயிற்று.

நான்காவது சான்று, கழிமுகம். ஆறு தேங்கிய நீரிற் சென்று சேருமிடத்தில் விரைவு குன்றித் தன் சுமையை விசிறிபோற் பரப்பும். காவிரி தஞ்சை நாட்டை ஆக்கியது இவ்வாறே. செவ்வாயின் ஜெசரோ என்னும் குழி 45 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் மேல்கரையில் இத்தகைய விசிறி வடிவ மேடு நிற்றல் சுற்றுக் கலங்களின் படங்களால் முன்பே தெரிந்தது. ஐரோப்பாவில் பாஸ்னிய நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரே அக்குழிக்கு இடப்பட்டது. அந்நாட்டு மொழியில் அச்சொல்லின் பொருள் ஏரி. 2021ஆம் ஆண்டு பிப்பிரவரியில் பெர்சிவியரன்ஸ் என்னும் ஊர்தி அங்கிறங்கி, மேட்டின் செங்குத்தான முகத்தைப் படமெடுத்தது. அடியிற் சாய்ந்த படுகைகளும் மேலே கிடைப் படுகைகளும் அமைந்த கழிமுக அடுக்கு அதிற் புலனாயிற்று. அதன் உச்சியிலோ பெரும்பாறைகள் உருட்டி விடப்பட்டிருந்தன. மெல்ல ஓடி ஏரியை நிரப்பிய ஆறு, பிற்காலத்திற் பெருவெள்ளமாகவும் சீறி வந்தமைக்கு அவை சான்று.

கூழாங்கல், சேறு, தாது, கழிமுகம் என்னும் நான்கும் நான்கு திசையினின்று வந்து ஒன்றையே கூறுகின்றன. 350 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தே செவ்வாயில் ஆறு ஓடிற்று, ஏரி நிறைந்தது. இக்காலப் பெருமையை அளக்க எம் ஊர்ப் பாறையையே கோலாகக் கொள்வோம். கிருஷ்ணகிரிப் பகுதியின் கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு முதிர்ந்தன. நாம் மிகத் தொன்மையெனக் கருதும் அம்மலைகள் உருவாவதற்கு நூறு கோடி ஆண்டுகள் முன்னரே செவ்வாயின் ஏரிகள் நிறைந்திருந்தன. நம் பூமி மலையை எழுப்பியும் கரைத்தும் தன் பழஞ்சுவடிகளை ஓயாது அழித்தெழுதுகின்றது. செவ்வாயோ பெரும்பாலும் எழுதியதை எழுதியவாறே வைத்திருக்கின்றது. ஆதலின் பழமையை அறிய அச்சுவடி நமக்குப் பெரிதும் பயன்படுவதாயிற்று.

அந்நீர் எங்கே சென்றது? ஒரு பகுதி துருவங்களிலும் மண்ணின் கீழும் பனிக்கட்டியாய் உள்ளது. 2008ஆம் ஆண்டு பீனிக்ஸ் என்னும் கலம் வடதுருவப் பக்கத்து மண்ணைச் சுரண்டி அதனைக் கண்டது. ஒரு பகுதி தாதுக்களுள் அடங்கிற்று. ஒரு பகுதி வானிற் பறந்தது. செவ்வாய் தன் காந்தக் காப்பைத் தொல்பழங்காலத்திலேயே இழந்தது. அதன்பின் ஞாயிற்றினின்று வீசும் மின்துகட் காற்று, அதன் வளிமண்டலத்தைச் சிறிது சிறிதாக அரித்தது. காற்று மெலியவே நீர் நிலைக்க இயலாதாயிற்று. ஆவியான நீர் பிளந்து, அதன் ஹைட்ரஜன் வெளியேறிற்று. இதற்கும் சான்றுண்டு. ஹைட்ரஜனில் இலேசானதும் கனமானதும் உள. கேழ்வரகைக் களத்திலே காற்றில் தூற்றுங்கால் பதர் பறந்து மணி தங்குமாறுபோல, இலேசான ஹைட்ரஜன் மிகுதியாகப் பறந்துபோகக் கனமானது தங்கும். செவ்வாயின் காற்றிலுள்ள நீராவியில், பூமியின் கடல்நீரில் உள்ளதைக் காட்டிலும் ஏறத்தாழ 5 மடங்கு மிகுதியாகக் கன ஹைட்ரஜன் உள்ளது. களத்திற் கிடக்கும் மணியின் அளவைக்கொண்டு பறந்த பதரின் அளவைக் கருதலாம் அன்றோ?

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவினின்று ஏவப்பட்ட மங்கள்யான், 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. முதல் முயற்சியிலேயே இவ்வெற்றி கிட்டிற்று. அதன் திட்ட இயக்குநராகப் பணியாற்றிய சுப்பையா அருணன் நெல்லைச் சீமையினர். அத்திட்டத்தில் மேற்பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை கோவைச் சீமையினர். அக்கலம் தாங்கிய ஐந்து கருவிகளுள் ஒன்று, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள லைமன் ஆல்பா ஒளிமானி. மேற்கூறிய இலேசான, கனமான ஹைட்ரஜன்களின் விகிதத்தை ஆராய்தற்கென்றே அஃது அமைக்கப்பட்டது. கலத்தின் செய்திகளை ஏற்ற 32 மீட்டர் அகலமுள்ள அலைவாங்கி, பெங்களூரை அடுத்த பையலாலு என்னும் சிற்றூரில் உள்ளது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. செவ்வாயைச் சேர்ந்த நாளில் அக்கலத்தின் சொல் நம்மை எட்ட 12 நிமிடத்திற்கு மேலாயிற்று. ஆறு திங்கள் உழைக்கவென்று அமைத்த அக்கலம் ஏழரை ஆண்டுகள் உழைத்து, 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொடர்பு அறுந்தது.

இன்று செவ்வாய் ஆராய்வார் லோவெலின் கதையை மறந்திலர். 2011ஆம் ஆண்டு, சரிவுகளில் வேனிற்காலத்தே நீளும் கருங்கோடுகள் சில காணப்பட்டன. அவை உவர்நீர்க் கசிவென்று 2015இல் பெரிதும் பேசப்பட்டது; 2017இல் அவை உலர்மணலின் சரிவாகலாம் என்று மறுப்புத் தோன்றியபோது, அம்மறுப்பையும் மதித்து ஆராய்ந்தனர். ஜெசரோவிற்கு நீர் கொணர்ந்த பழைய ஆற்றுப் பள்ளத்தில் 2024ஆம் ஆண்டு துளையிட்டெடுத்த சேற்றுக்கல்லில் சிறு புள்ளிகள் சில உள. அவை நுண்ணுயிரின் செயலால் தோன்றியிருத்தல் கூடும் என்று 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. உயிரின்றியே வேதிச் செயலாலும் அவை தோன்றக்கூடும் என்பதையும் அக்கட்டுரையாளரே கூறினர். நீர் இருந்தது என்பது துணிவு. உயிர் இருந்தது என்பது வினா. இரண்டையும் பிரித்து நிறுத்துவதே கல்விக்கு அழகு.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். பாலை என்பது திரிந்த நிலமே என்று தொடக்கத்திற் கூறினோம். செவ்வாய் திரிந்தது எவர் குற்றமும் அன்று. அதன் உடல் சிறிது, காப்பு அழிந்தது, காற்று பறந்தது, நீர் வற்றிற்று. எம் தென்பெண்ணையின் நிலையோ வேறு. கடந்த சில ஆண்டுகளாக, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகுகளினின்று நீர் விடும்போதெல்லாம் வெண்ணுரை மலைபோல் எழுந்து வயலிலும் சாலையிலும் பரவுதலைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். மேற்பக்கத்து நகரின் சாக்கடைநீரும் ஆலைக்கழிவும் ஆற்றிற் கலத்தலே இதன் காரணம் என்கின்றனர். இதற்கு நுட்பமான அனுமானம் வேண்டுவதில்லை. வெள்ளங் கண்டு மழை துணிந்த அதே முறையில், நுரை கண்டு கழிவு துணியலாம்.

நுரை ஒரு பொழுதிற் காற்றில் மறையும். ஆனால் அணையின் அடியில் ஆண்டுதோறும் படியும் வண்டல் மறையாது. கழிவிற் கலந்துவரும் உலோகங்கள் களிமண்ணிற் பற்றித் தங்கும் இயல்பின. கேல் குழியின் சேறு தன் ஏரியின் நீர் நன்னீர் என்று 350 கோடி ஆண்டுகள் கழித்தும் சான்று பகர்ந்தது. கெலவரப்பள்ளியின் சேறு எம் தலைமுறையைப் பற்றி யாது பகரும்? அவ்வேட்டின் பக்கங்கள் இன்னும் எழுதப்பட்டு வருகின்றன. கடவுள் வாழ்த்தையடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவர் வழிவந்தோர் நாம். வானிலுள்ள பாலையின் வரலாற்றைக் கற்ற நாம், மண்ணிலுள்ள மருதத்தைப் பாலையாகாது காத்தல் கடன்.